கேசட்டுக்குக் கட்டம் போட்ட கதை

எங்கள் ஓய்வூதியர் சங்கச் செயலாளர் போன மாதக் கூட்டத்தைக் கைபேசியில் பதிவு செய்தார். மினிட்ஸ் எழுதச் சோம்பல். ஒலிக்கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை மாற்றினால் அது எக்செல் ஆகிவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மாற்றித் திறந்தார். திரை முழுக்கக் கிறுக்கல். வைரஸ் என்று முடிவு செய்துவிட்டார். வைரஸ் இல்லை. குரலுக்குள் வரிசையும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒன்று போன பிறகு ஒன்று வரும், அவ்வளவுதான் அது. இதை நான் கம்ப்யூட்டரில் கற்கவில்லை. எண்பதுகளில், அரியலூரில், ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து அதே காரியத்தை நானே செய்திருக்கிறேன்.

பெரம்பலூர் தாலுகா ஆபீசிலிருந்து அரியலூருக்கு மாறுதலாகி வந்தபோது, வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரின் வீட்டுப் பின்கட்டில் நானும் மனைவியும் குடியேறினோம். அவருடைய மகன் சிமெண்ட் ஆலை கான்ட்ராக்டரிடம் வெல்டிங் கற்றுக்கொண்டு துபாய் போயிருந்தான். அவன் போகும்போது மனைவி கர்ப்பம். பிறந்த பெண் அப்போது தத்தித் தத்தி நடந்தாள். அப்பாவைப் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் கடிதம் கிடையாது, கேசட்தான். ஊருக்கு வருகிறவர்களிடம் அவன் பேசிக் கொடுத்தனுப்புவான். இவர்கள் கேட்டு முடித்து, அதன் மேலேயே பதில் பேசி, திரும்பிப் போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். அவனுடையது ஜப்பான் கேசட். எங்கள் கடைத்தெருவில் கிடைத்தவை வாங்கிய வாரமே மெஷினுக்குள் சிக்கி நாடாவைக் கக்கும். ஆகவே ஒரே கேசட் கடல் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தது.

கேசட் வந்ததும் சண்டையும் வரும். மாடி எடுக்கச் சொன்னானா, கிணற்றுக்கு மோட்டார் போடச் சொன்னானா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அவன் பேச்சும் அப்படித்தான். மோட்டாரில் ஆரம்பித்து, நடுவில் குக்கர் விசிலடிக்க, அறையில் கூட இருப்பவனைத் திட்டிவிட்டு, தங்கையின் படிப்பில் வந்து நிற்பான். ஒரு நாள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார். கட்டுக் கட்டாக மனுக்களைச் சுருக்குகிற ஆள், இதையும் எழுதிக் கொடுத்தால் வீட்டில் நிம்மதி இருக்கும் என்றார்.

இப்படி யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஃபுல்ஸ்கேப் தாளில் கட்டம் போட்டேன்: வரிசை எண், யாருக்கு, பொருள், எடுக்க வேண்டிய நடவடிக்கை, குறிப்பு. டேப்பை நிறுத்தி நிறுத்திக் கேட்டு நிரப்பினேன். மோட்டார், அப்பாவுக்கு, விலை விசாரிக்கவும். தங்கை, டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்கவும். கடைசி வரிசையில் குழந்தை: நலம் விசாரிக்கப்பட்டது, நடவடிக்கை தேவையில்லை. வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுப் படித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சண்டையே இல்லை. என் அறிக்கை எதையும் மேலிடம் அவ்வளவு திருப்தியாக ஏற்றுக்கொண்டதில்லை.

மறுநாள் அவருடைய மருமகள் இடுப்பில் குழந்தையோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை துபாய் திரும்புகிறாராம். அவரிடம் பதில் கொடுத்தனுப்ப வேண்டும்.

"முன்னல்லாம் சண்ட தீர்ற வரைக்கும் மாமா கேசட்ட அழிக்க மாட்டாரு சார். இப்ப அதான் எல்லாம் எழுதியாச்சேங்கிறாரு."

"எழுதியாச்சுதானேம்மா?"

"எழுதிட்டீங்க. இவ எதக் கேப்பா?"

கேசட்டில் பேச்சு முடிகிற இடத்தில் அவன் கொஞ்சம் நிறுத்துவான். பிறகு ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி நாக்கைச் சொடுக்கி, "ஏ குட்டி, எங்கடி இருக்க?" என்பான். அது வந்ததும் குழந்தை டேப் ரிக்கார்டருக்குப் பின்னால் சுற்றிப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "தோ இங்க" என்பாளாம். தினமும் இது நடக்கிறது. என் காதிலும் விழுந்திருக்கிறது; நடவடிக்கை தேவையில்லை என்று எழுதியவனும் நான்தான்.

"அடுத்த வருஷம் லீவுல வராரு. இவ யாரோ எவரோன்னு ஓடுனா அவரு தாங்க மாட்டாரு சார்," என்றாள்.

விதி தெரிந்தவனுக்கு முதலில் தோன்றுவது திருத்தம். தாளைத் திரும்ப வாங்கி, குறிப்புக் கட்டத்தில் சேர்த்தேன்: 'சிறு இடைவெளி. நாக்கைச் சொடுக்கும் ஒலி. ஏ குட்டி, எங்கடி இருக்க என வினவல்.' ஒன்றும் விடுபடவில்லை. அந்தப் பெருமையோடு குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தேன். அவள் தரையில் சிந்திய பொரியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சற்று உரக்க வாசித்தேன். ஒரு பொரியை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீங்க நாக்க சொடுக்கல சார்," என்றாள் அவள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சொடுக்கியும் பார்த்தேன். பக்கத்து வீட்டு ஆடு திரும்பியது.

சைக்கிள் கடைக்குப் போனேன். வீட்டுக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் தேடிக்கொண்டிருந்தார். பாசம், குரல் என்றெல்லாம் பேசினால் அவரிடம் எடுபடாது. ஆபீஸ் நடைமுறை என்றால் மரியாதை உண்டு. சுருக்கம் எழுதிவிட்டதாலேயே அசலை அழிக்க எந்த விதியிலும் இடமில்லை என்றேன். அது உண்மையும்கூட.

"எத்தன வருஷம் வெச்சிருக்கணும்?"

"சிலது ஒரு வருஷம், சிலது பத்து வருஷங்க. பாத்தியதை சம்பந்தப்பட்டதுன்னா அழிக்கவே கூடாது."

"இதுல என்ன பாத்தியத?"

"உங்க பேத்திக்கு அப்பா மேல இருக்கிற பாத்தியதைங்க."

டியூபிலிருந்து குமிழி வந்த இடத்தை விரலால் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஆபீஸ்காரங்களுக்கு வூட்ட வுட்டா இப்புடித்தான்," என்று டியூபிடம் சொன்னார். "புதுக் கேசட்டுக்குத் திருச்சிக்கு நீங்கதான் போவணும் சார்."

போய் வாங்கி வந்தேன். பழைய கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளையும் மருமகள் கொண்டை ஊசியால் நெம்பி உடைத்தாள். உடைத்துவிட்டால் அதன் மேல் எதையும் பதிய முடியாது. எத்தனையோ அரக்கு முத்திரை பார்த்திருக்கிறேன், இவ்வளவு நம்பகமானது எதுவுமில்லை. புதுக் கேசட்டில் வீட்டுக்காரர் என் தாளைப் பார்த்து, வரிசை எண் சொல்லிச் சொல்லி மகனுக்குப் பதில் பேசினார்.

அடுத்த வருடம் அவன் வந்தான். பெட்டியோடு கூடத்தில் நின்றவனைக் கண்டதும் குழந்தை அம்மாவின் புடவைக்குள் போய்விட்டாள். அவன் முகம் வாடிவிட்டது. மனைவி அவன் காதில் ஏதோ சொன்னாள். அத்தனை பேர் முன்னால் வெட்கப்பட்டுக்கொண்டே அவன் நாக்கைச் சொடுக்கினான்.

"ஏ குட்டி, எங்கடி இருக்க?"

குழந்தை தலையை வெளியே நீட்டி, முதலில் அலமாரியில் இருந்த டேப் ரிக்கார்டரைப் பார்த்தாள். அது ஓடவில்லை. பிறகு மெல்ல நடந்து, அவனைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய், முதுகை நன்றாகப் பார்த்துவிட்டு, "தோ இங்க," என்றாள்.