மார்ச்சுவரிக்கு எதிர் வீடு

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் போர்வை அக்கா என்று சொன்னால்தான் யாருக்கும் அவளைத் தெரியும். பத்தொன்பது வருடமாகத் துணியறைக்குப் பொறுப்பாளி. வார்டுகளிலிருந்து மூட்டையாக இறங்கும் விரிப்பும் தலையணை உறையும் சலவைக்குப் போவதும், வெளுத்து மடிப்பாகத் திரும்பி வருவதும் அவள் கண்ணில் படாமல் நடக்காது. எந்த விரிப்பு இன்னும் நாலு சலவை தாங்கும், எது அடுத்த சலவையில் கிழியும் என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவாள். கணவன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். ஒரே மகள் கல்லூரியில் படித்தாள். குடியிருந்தது வாடகை வீடு. தன் பெயரில் ஒரு செங்கல்கூட இல்லை என்ற குறை அவளுக்கு உண்டு. ஆனால் அதைச் சொல்லிப் புலம்புகிற ஆள் இல்லை அவள்.

காலை எட்டு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்து போகும் நர்ஸுகள் துணியறையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு நாள் குட்டி சிஸ்டர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு பெண், மூட்டை மேல் சாய்ந்தவள் சாய்ந்தபடியே தூங்கிப் போனாள். எழுப்பி வீட்டுக்குப் போகச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீடு இருந்தும் பயனில்லையாம். கீழே வெல்டிங் பட்டறை. மேலே மூன்று பிள்ளைகள், நாள் முழுக்கப் பந்து விளையாட்டு. பகலில் கண் மூட முடியாது. இந்த லட்சணத்தில், நேரங்கெட்ட நேரத்தில் கேட்டைத் திறக்கிறாள் என்று வீட்டுக்காரர் வேறு காலி பண்ணச் சொல்லியிருந்தார். ஒரே வருடத்தில் இது மூன்றாவது வீடு.

"ஒரு ஆறு மணி நேரம் சத்தமில்லாம தூங்கணும் அக்கா. சம்பளத்துல பாதியக்கூட வாடகையா குடுத்துருவேன்" என்றாள் குட்டி சிஸ்டர்.

போர்வை அக்கா அவளை வாசல்வரை கொண்டுவிட்டாள். ஆனால் அந்தப் பேச்சு மனசில் ஒட்டிக்கொண்டது. அடுத்த சில நாட்களில் மற்ற நர்ஸுகளிடமும் பேச்சுவாக்கில் விசாரித்தாள். எல்லாருக்கும் ஏறத்தாழ அதே கதைதான்.

துணியறையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பிணவறையின் வாசல் தெரியும். அதற்கு எதிரே, குறுகலான தெருவின் அந்தப் பக்கம், ஆறு அறைகள் கொண்ட மாடி வீடு ஒன்று பூட்டிக் கிடந்தது. 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகை வெயிலில் வெளுத்து, 'வி' போய் 'ற்பனைக்கு' மட்டும் மிச்சம் இருந்தது. வாங்கவும் ஆள் இல்லை, குடிவரவும் ஆள் இல்லை. ஆறு வருடமாக இதே நிலைமை.

ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு ஜன்னலோரம் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தினாள். தெரு நடுவில் ஒரு நாய் நான்கு காலையும் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்ப ஒரு வண்டி வரவில்லை. அந்தத் தெருவில் யாரும் ஹாரன் அடிப்பதில்லை, யாரும் கத்திப் பேசுவதில்லை, பிள்ளைகள் விளையாட வருவதில்லை. ஊரிலேயே இதைவிட அமைதியான தெரு கிடையாது என்பது பத்தொன்பது வருடம் கழித்து அன்றுதான் அவளுக்கு உறைத்தது. தையலை அப்படியே வைத்துவிட்டு ஒரு பழைய படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

ஆறு அறை. அறைக்கு இரண்டு பேர். தவணை, வரி, தண்ணீர், மின்சாரம், பழுது பார்க்கும் செலவு எல்லாம் கழித்தாள். கழித்தும் கையில் மிச்சம் நின்றது. இரண்டு அறைக்கு ஆளே வரவில்லை என்று வைத்து மறுபடி போட்டாள். அப்போதும் தவணை கட்ட முடிந்தது. மூன்று அறை காலி என்று வைத்தபோதுதான் கையைக் கடித்தது. அது போதும் என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டில் சொன்னதும் கணவன் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டான். பகலில் எதற்கும் அஞ்சாத மனிதன்தான். பிணம் என்ற சொல்லைக் கேட்டால் மட்டும் ஒடுங்கிவிடுவான்.

"ஊருல வேற வீடே இல்லையாடி உனக்கு?"

"இருக்குங்க. அதெல்லாம் வாங்க நம்மகிட்ட காசு இல்ல. இது ஒன்னுதான் நம்ம கைக்கு எட்டுற விலையில கிடக்கு."

மகள் சிரித்துவிட்டாள். அவன் மட்டும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வீட்டை விற்றுத்தரப் பொறுப்பேற்றிருந்த தரகர் இன்னும் ஒரு படி மேலே போனார். கமிஷன் வருகிற காரியம் என்றும் பாராமல், வேண்டாம் என்று புத்தி சொன்னார். இந்த வீட்டை விற்றுக் கொடுத்து உன் பாவத்தைக் கட்டிக்கொள்ள நான் தயாரில்லை என்று கையைக் கழுவிவிட்டார்.

வங்கியிலும் அவள் நினைத்தது நடக்கவில்லை. மேலாளர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் வீட்டு விலையில் கால் பங்குகூடத் தேறாது. வாடகையைச் சேர்த்துப் பார்க்கலாம் என்றால், ஆறு வருடமாக ஒரு காசு வாடகை வராத வீடு அது.

"நாளைக்கு நீங்க தவணை கட்டலன்னா, இந்த வீட்ட நாங்க யார் தலையில கட்டுறது? நீங்களே சொல்லுங்க."

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். வீடு தயாரானால் குடிவருகிறோம் என்று பன்னிரண்டு நர்ஸுகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மேலாளர் அதை இரண்டு முறை படித்தார். இது மட்டும் போதாது என்றார். ஆனால் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நீங்க இப்பவே ஒன்னும் தர வேணாம் மேடம். மதிப்புப் போடுற சாரை ஒரு தடவ அனுப்புங்க. மதியம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு எழுந்தாள்.

மதிப்பீட்டாளர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார். அவள் சொந்தக்காரரிடம் வாங்கிய சாவியோடு காத்திருந்தாள். உள்ளே கூடத்தைப் பெருக்கி, ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்த சாய்வு நாற்காலி ஒன்றையும் போட்டு வைத்திருந்தாள். அவர் அறைகளை அளந்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், மொட்டைமாடி ஏறி இறங்கினார். பிறகு குறிப்பு எழுத நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வரி எழுதியிருப்பார். பேனா கையிலேயே இருக்க, தலை சாய்ந்துவிட்டது.

அவள் எழுப்பவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போய், திரைச்சீலைக்காக ஜன்னல்களை ஒவ்வொன்றாக அளந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து அவர் திடுக்கிட்டு எழுந்தபோது எதிரில் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"இதுதான் சார் இந்த வீட்டோட மதிப்பு. எழுதிக்கங்க."

மனிதர் வெட்கப்பட்டார். ஆனால் நேர்மையான ஆள். கட்டடம் உறுதியாக இருக்கிறது, ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள் தங்க மிகவும் பொருத்தமான இடம், ஆஸ்பத்திரி இருக்கும்வரை குடியிருக்க ஆள் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கையும் பன்னிரண்டு கையெழுத்தும் சேர்ந்து மேலாளரின் மனதை மாற்றின. கணவனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலேயே கடன் தருவதாகச் சொன்னார். கணவன் வந்தான். பேனாவை வாங்குவதற்கு முன் மனைவியின் காதருகே குனிந்து, உள்ளே போய்ப் பார்த்தாயே, பேய் கீய் ஒன்றும் இல்லையே என்று கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

சேமநிதிப் பணத்தை எடுத்தாள். அப்படியும் கொஞ்சம் துண்டு விழுந்தது. வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவரிடம் போய் மீதியைப் பத்து மாதத்தில் தந்துவிடுகிறேன் என்று கேட்டாள். அவர் அவளுடைய கணக்குத் தாளை வாங்கி, மாணவியின் விடைத்தாளைத் திருத்துவது போல வரிவரியாகப் பார்த்தார். காலி அறைக்கும் இடம் விட்டுக் கணக்குப் போட்டிருப்பதைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்து மாசத்துல குடும்மா. இப்படிக் கணக்குப் போடுறவகிட்ட காசு எங்க போயிரப் போகுது" என்றார்.

ஆஸ்பத்திரிக்குத் துணி தரும் மில்லிலேயே தடிமனான கரும்பச்சைத் துணி வாங்கி, இரட்டை மடிப்பாகத் திரை தைத்தாள். மூடினால் பட்டப்பகலில் கைவிரல் தெரியாது. கதவு இடுக்குகளில் கம்பளித் துண்டு ஒட்டினாள். கேட்டின் கீலுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்டாள். காலை ஒன்பது மணிக்கு மேல் மாடிப்படியில் செருப்பு கையில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே சட்டம்.

முதல் மாதம் ஏழு பேர்தான் வந்தார்கள். கையெழுத்துப் போட்ட மற்றவர்கள், முகவரியைக் கேட்டதும் வீட்டில் விடவில்லை என்று பின்வாங்கினார்கள். அந்த மாதம் கணக்குத் தாளை அவள் பலமுறை எடுத்துப் பார்த்தாள். ஆனால் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அம்மாக்களை அழைத்து வரச் சொன்னாள். வந்தவர்களை மாடியில் இருட்டறையில் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, சும்மா கொஞ்ச நேரம் இருங்கள் என்று இறங்கிவிட்டாள். ஒரு அம்மா மாலைவரை இறங்கி வரவேயில்லை. மூன்றாம் மாதம் வீடு நிறைந்தது. அதற்குப் பிறகு இடம் கேட்டு வருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் மாதம் தண்ணீர் மோட்டார் எரிந்தது. பழுதுக்கென்று ஒதுக்கியிருந்த பணத்தில் அன்றைக்கே புது மோட்டார் இறங்கியது. வாத்தியாருக்கு எட்டே மாதத்தில் கடைசிப் பணத்தைக் கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

இரண்டு வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரரே அவளைத் தேடி வந்து, தன் வீட்டையும் எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டார். பாவம் வேண்டாம் என்று ஒதுங்கிய தரகர், அதே தெருவின் காலி வீடுகளுக்கு 'மார்ச்சுவரி அருகில், மிக அமைதியான இடம்' என்று விளம்பரம் கொடுத்துக்கொண்டிருந்தார். கணவனோ, வேனில் ஏறும் டீச்சர்களிடம், ஆரம்பத்திலேயே நான்தான் தைரியம் கொடுத்தேன் என்று கூசாமல் சொல்லித் திரிந்தான். அவள் அதைக் கேட்டும் கேட்காதது போல இருந்துவிட்டாள்.

இரண்டாவது வீட்டுக்குக் கடன் தர மேலாளர் தானே போன் செய்து கூப்பிட்டார். இந்த முறை போர்வை அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஒரு தவணைகூடத் தவறாத கணக்கை எடுத்துப் போட்டு, வட்டியில் கால் சதவீதம் குறைக்கச் சொன்னாள். வழக்கமில்லை என்றார் மேலாளர். எதிர்வரிசை வங்கியில் வழக்கம் இருக்கிறதாம் என்று பையைத் தோளில் மாட்டினாள். மேலாளர் சிரித்துக்கொண்டே உட்காரச் சொல்லி, மேலிடத்துக்குப் போன் போட்டார். குறைந்தது.

கையெழுத்து முடிந்ததும் மேலாளர் கேட்டார்:

"இவ்வளவு வாடகை வருதே, இன்னும் ஏன் அந்தத் துணி மூட்டையத் தூக்கிட்டு இருக்கீங்க?"

"சம்பளச் சீட்டு இருந்தாத்தானே மேடம் மூணாவது வீட்டுக்குக் கடன் தருவீங்க" என்று சொல்லிவிட்டு, மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து நடந்தாள்.