அடையாற்றுக் கணினியை நிறுத்திய பிரமிளா

செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது தொலைபேசி அடித்தது. பிரமிளாவின் தம்பி பேசினார். “அக்கா போயிட்டாங்க சார். விடியக்காலையில. மத்தியானத்துக்குள்ள எடுத்துடுவோம்.” எதிர்பார்த்த செய்திதான். ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாக டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இருந்தும் ரிசீவரை வைத்துவிட்டு, எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் சமையலறைக்குப் போய் நின்றேன்.

தி.நகர் மருத்துவமனையில் அவரோடு வேலை பார்த்த நாம் பலரும் இன்று வெவ்வேறு இடங்களில் இருக்கிறோம். செய்தி எல்லோருக்கும் எட்டியிருக்காது என்பதால் எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் நிர்வாகத்துக்கு தி.நகர், மயிலாப்பூர், அடையாறு என மூன்று மருத்துவமனைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய கணினி. தனிக் கம்பி வழியே மூன்றும் ஒன்றோடொன்று பேசி, ஒரே தகவலை மூன்று இடத்திலும் வைத்திருக்கும். நோயாளி விவரம், காலிப் படுக்கை, ரத்த வங்கியின் இருப்பு எல்லாம் அதில்தான். தி.நகர் மாடியில் இருந்த கன்சோல் திரையில் மூன்று மருத்துவமனைகளும் மூன்று கட்டங்களாகத் தெரியும். கணினி ஓடினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. நான் புரோகிராம் எழுதுகிறவன். கன்சோல் பிரமிளாவின் பொறுப்பு.

அதை நிறுவ வந்த இன்ஜினீயர், “எல்லாம் பச்சையா இருந்தா நீங்க நிம்மதியா காபி சாப்பிடப் போலாம் மேடம்” என்றார். பிரமிளா சிரிக்கவில்லை. “பச்சைன்னா மூச்சு விடுதுன்னு அர்த்தம். புத்தி தெளிவா இருக்குன்னு யார் சொன்னா?” என்று கேட்டார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் மற்ற இரண்டு இடங்களுக்கும் போன் செய்து, கடைசியாகச் சேர்ந்த நோயாளியின் பெயரைக் கேட்டு, தன் திரையில் இருப்பதோடு ஒப்பிடுவார். நாங்கள் கேலி செய்தோம். ஒரு நாள் பெயர் ஒத்துப்போகவில்லை. கட்டம் பச்சையாகவே இருக்க, மயிலாப்பூருக்கு முந்தின மாலையிலிருந்து எந்தத் தகவலும் போயிருக்கவில்லை. கேலி அதோடு நின்றது.

பிறகு அந்த ஐப்பசி மழை. யாரோ சாலையைத் தோண்டியதில் அடையாற்றுக்குப் போகும் கம்பி அறுந்தது. கன்சோலில் அடையாறு சிவப்பானது. தி.நகர்க் கணினி, அடையாறு படுத்துவிட்டது என்று முடிவு கட்டி மயிலாப்பூரோடு வேலையைத் தொடர்ந்தது. பிரமிளா அடையாற்றுக்குப் போன் செய்தார். “இங்க எல்லாம் நல்லா ஓடுது மேடம், உங்க ரெண்டு பேரைத்தான் காணோம்னு காட்டுது” என்றார்கள். அவர் முகம் மாறியது.

என் பக்கம் திரும்பி, “மூர்த்தி, ரெண்டு பக்கமும் தனித்தனியா ஓடுது. ஒரே ரத்தத்த ரெண்டு பேருக்கும் எழுதிக் குடுத்துடும்” என்றார். உடனே நிர்வாக மேலாளரை அழைத்து, அடையாற்றுக் கணினியை நிறுத்த அனுமதி கேட்டார். புறநோயாளிகள் கூட்டம் தெருவரை நிற்கிறது, கம்பியைச் சரிசெய்யும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. இரண்டாம் முறை கேட்டபோது மேலாளர் போனை வைத்துவிட்டார். எச்சரிக்கலாமென்று அழைத்த அடையாற்று ரத்த வங்கியின் எண்ணோ அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பிரமிளா குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். நானும் அதே ஆட்டோவில் ஏறினேன்.

பிரமிளா பயந்தது அதற்குள் நடந்துவிட்டது. கோட்டூர்புரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு வேண்டிய வகை ரத்தம் எளிதில் கிடைக்காது. மயிலாப்பூரில் இருப்பதாக அடையாற்றுத் திரை சொன்னது. அவள் பெயருக்குப் பதிந்தார்கள், வண்டியை அனுப்பினார்கள், வேறெங்கும் தேடவில்லை. ஆனால் கம்பி அறுந்த பிறகு அந்த ரத்தப் பைகளை தி.நகர் ஒரு விபத்துக் கேசுக்கு வாங்கிவிட்டிருந்தது. நாங்கள் போய் இறங்கியபோது ரத்தம் எடுக்கப் போன டிரைவர் செல்வமும் திரும்பி வந்திருந்தார். கையில் ஐஸ் பெட்டி. “அங்க ஒண்ணியும் இல்ல மேடம். காலிப் பொட்டிதான் கீது” என்றார்.

பிரமிளா யாரையும் கேட்காமல் கணினி அறைக்குள் போய் அடையாற்றுக் கணினியை நிறுத்தினார். பிறகு நாங்கள் இருவரும் மற்ற ரத்த வங்கிகளுக்கு மாற்றி மாற்றிப் போன் செய்தோம். ஓரிடத்தில் கிடைத்தது. அது வந்து சேரும்போது அந்தப் பெண் இல்லை. குழந்தை பிழைத்தது.

நிர்வாகப் பெரியவர்கள் பிரமிளாவையும் வைத்துக்கொண்டு ஓர் அறையில் கூடிப் பேசினார்கள். நோயாளியைத் தாமதமாகக் கொண்டுவந்தார்கள் என்று வீட்டாரிடம் சொல்வதாக முடிவாயிற்று. பிரமிளா அறையிலிருந்து வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் அந்தப் பெண்ணின் கணவர் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்குகிறவர். பிரமிளா பக்கத்தில் உட்கார்ந்து, “நீங்க நேரத்துக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்க. ரத்தம் இருக்குன்னு எங்க கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லிடுச்சு. அதை நம்பி நாங்க வெளிய தேடல” என்றார்.

ஏழுமலை அவர் பக்கம் திரும்பினார். “மிஷினு பொய் சொல்லுமா மேடம்?”

“பொய் சொல்லல. அதுக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல நாங்க அதுக்குக் கத்துக்குடுக்கல.”

மேலாளர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வாரமே பிரமிளாவிடம் ராஜினாமா கேட்டார்கள். போவதற்கு முன் பிரமிளா என் மேசைக்கு வந்து ஒரே ஒரு வேலை சொன்னார். மற்ற இரண்டையும் காணாத கணினி, ரத்தப் பதிவை எடுத்துக்கொள்ளக் கூடாது; போனில் கேட்கச் சொல்ல வேண்டும். நான் எழுதினேன். அது இன்றும் ஓடுகிறது.

அதன்பின் பெரிய நிறுவனம் எதுவும் அவரை எடுக்கவில்லை. திருவான்மியூரில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார். நோய் வந்தபின் அபிராமபுரம் வீட்டில் பார்த்தபோது, வருத்தமா என்று கேட்டேன். “வேலை போனதுக்கு இல்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆட்டோ புடிச்சிருக்கலாம். அதான்” என்றார்.

சுடுகாட்டுக்கு நிர்வாகத்திலிருந்து யாரும் வரவில்லை. ஏழுமலை வந்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. அன்று பிழைத்த குழந்தை, இடுப்பளவு வளர்ந்த பெண்ணாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. “அன்னிக்கு எவ்ளோ பேரு கோட்டு போட்டுக்கினு நின்னாங்க சார். அந்தம்மா ஒருத்தருதான் நம்மாண்ட வந்து குந்திப் பேசுனாங்க. இல்லாங்காட்டி, நான்தான் லேட்டாக்கி அவள சாவடிச்சேன்னு நெனச்சிக்கினே கெடந்திருப்பேன்” என்றார்.

பிரமிளாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்த விதத்தை. கைப்பையை மடியில் வைத்து, மழையில் நனைந்த முந்தானையைப் பிழியக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல், அந்த மனிதருக்குப் புரியும்வரை எழுந்திருக்காமல் இருந்தார்.