மூன்று வேட்டி நடைபாவாடை

வண்ணார் வீட்டுப் பெண்ணுக்கு மூக்குதான் முதல் சொத்து. குடியாத்தத்துக்குப் பக்கத்தில் நான் பிறந்த ஊரில், ஒரு துணியை முகர்ந்தாலே அது யார் வீட்டுத் துணி என்று சொல்லிவிடுவேன். வெற்றிலை வாசனை அடித்தால் மணியக்காரர் வீடு, மோர் வாசனை அடித்தால் அவருடைய தங்கை வீடு. சேங்கொட்டையால் குறி போடுவதெல்லாம் மற்றவர்கள் நம்புவதற்காகத்தான். இந்தப் பெருமையைக் கட்டிக்கொண்டு, கல்யாணமான பத்தாம் நாள் பவுரிங்பேட்டையில் ரயில் மாறி, தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் வந்து இறங்கினேன். மறுநாள் காலை என் மாமியார் ஒரு பெரிய மூட்டையை என் முன்னால் அவிழ்த்துப் போட்டார். அத்தனை சட்டைக்கும் ஒரே வாசனை. வெடிமருந்தும் மெழுகும்.

சுரங்கத்தில் அந்த நாளில் தொப்பியின்மேல் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டுதான் இறங்குவார்கள். எட்டு மணி நேரமும் அது தோளில் சொட்டிக்கொண்டே இருக்கும். நான் ஊர் வழக்கப்படி சட்டைகளை முதலில் பச்சைத் தண்ணீரில் முக்கினேன். மெழுகு கல்லாய் இறுகிவிட்டது. நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னாடி, தங்கத்த சொரண்டறியா? மொதல்ல வெள்ளாவில ஏத்துடி. ஆவி பட்டா தானா எறங்கும்."

ஊரில் எங்களுக்கு வேலை துவைப்பது மட்டும் இல்லை. பெண் பெரியவளானால் மாற்றுத்துணி கொண்டுபோவது நாங்கள். பந்தலுக்குத் துணியால் மேற்கட்டு கட்டுவது நாங்கள். மணமக்கள் மண்ணில் கால் வைக்காமல் நடந்து வர, தெருவில் வெள்ளைத்துணி விரிப்பதும் நாங்கள். அதற்குப் பேர் நடைபாவாடை. நீளமான துணி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வேட்டிதான். முன்னால் ஒருவர் விரித்துக்கொண்டே போவார். மணமக்கள் கடந்த துணியைப் பின்னால் ஒருவர் சுருட்டி எடுத்து, ஓடிப்போய் முன்னால் இருப்பவர் கையில் கொடுப்பார். கை வேகம் இருந்தால் மூன்று வேட்டியில் காசிக்கே போய்விடலாம். என் மாமனாருக்கு அந்த வேகம் இருந்தது. அதைப் பற்றி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும் வாயும் இருந்தது.

ஆனால் இதெல்லாம் ஊருக்குள் இருப்பவர்களுக்குத்தான். சேரிக்கு நாங்கள் எதுவும் செய்ததில்லை, துணியைத் தொட்டதுகூட இல்லை. மாரிகுப்பத்தில் அந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. இங்கே லைன் லைனாக இருந்த சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் முக்கால்வாசி சேரியிலிருந்து வந்த சனம்தான். அவர்கள் துணியைத் தொடமாட்டேன் என்றால் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அதனால் துவைத்தோம். துவைப்பதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. துறையில், முதுகைக் காட்டிக்கொண்டு செய்கிற வேலைதானே.

ஒரு நாள் சாயந்திரம் ஷிப்ட் முடிந்து ஒரு மேஸ்திரி எங்கள் வாசலில் வந்து நின்றார். பாறையில் வெடிக்குழி போடுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. நல்ல உயரம். மாமனார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"ணா, ஞாயித்துக்கெளம எம் பொண்ணுக்குக் கல்யாணம். மாரியம்மன் கோயில்லேர்ந்து எங்க பந்தல் வரிக்கும் நடைபாவாட போடணும். நீங்கதான் வரணும்."

மாமனார் கையில் இருந்த பெட்டி அப்படியே சட்டைமேல் நின்றுவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் கையில் துணி கருகியது அன்று ஒரு நாள்தான்.

"அது இன்னாத்துக்குப்பா ஒனுக்கு?"

"எங்க சித்தப்பா கல்யாணத்துல ஒருதரம் நாங்களே ரெண்டு துணி விரிச்சோம். ஊர்க்காரங்க வந்து பந்தலப் பிரிச்சுப் போட்டாங்க. பொண்ணு மாப்ள அழுதுனே நடந்தாங்க. எம் பொண்ணு கால்ல மண்ணு படாம நடக்கறத நான் பாக்கணும்ணா. வேற ஒண்ணும் வாணாம்."

"பாக்கலாம்" என்றார் மாமனார். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் 'முடியாது' என்று அர்த்தம்.

மேஸ்திரி போனதும் காரணத்தைச் சொன்னார். என் நாத்தனாருக்கு, பக்கத்துச் சுரங்கமான பாலகாட்டில் இருந்த எங்கள் சாதிக்காரர் வீட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. சேரிக் கல்யாணத்தில் நடைபாவாடை விரித்தோம் என்று தெரிந்தால் பங்காளிகள் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், சம்பந்தமே முறிந்தாலும் முறியும் என்றார். நியாயமான பயம்தான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. அது என்றைக்குச் சும்மா இருந்தது?

"அவங்க அழுக்க நாம தொடலாம். அவங்க காலுக்கு வெள்ளத்துணி போட்டா மட்டும் கொலம் பூடுமா மாமா?"

என் கணவர் கழுதையைக் காணோம் என்று வெளியே கிளம்பினார். எங்கள் கழுதை எப்போதும் இந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் காணாமல் போகும். மாமனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கஞ்சி போட்ட மூன்று வேட்டியை என்னிடம் நீட்டினார்.

"துணி போவட்டும். நம்ம கை போவாது. அவங்களே விரிச்சுக்கட்டும்."

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி மூன்று வேட்டியையும் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். என் முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வந்து, "செரிம்மா" என்று உள்ளே போய்விட்டார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மேளச் சத்தம் கேட்டதும் மாமியாரும் நானும் லைன் முனைக்குப் போனோம். மாமனார் வரமாட்டேன் என்றார். பிறகு பார்த்தால் தூரத்தில் ஒரு புங்கமரத்தடியில் வேறெங்கோ போகிறவர்போல நின்றுகொண்டிருந்தார்.

கோயில் வாசலிலிருந்து துணி விரித்திருந்தார்கள். எங்கள் மூன்று வேட்டியும் முனையோடு முனை சேர்த்து, பறக்காமலிருக்க ஓரங்களில் கல் வைத்து, சுரங்கத்தில் தண்டவாளம் போடுகிற கணக்கில் வரிசையாகக் கிடந்தன. வேட்டி தீர்ந்த இடத்திலிருந்து லைன் வீட்டுத் துணிகள். துண்டு, போர்வை, புதுச்சேலை, ஒரு மேசைவிரிப்பு. அது எந்தத் துரை பங்களாத் துணி என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். ஒவ்வொரு வீடும் பெட்டியில் இருந்ததில் நல்லதை எடுத்துக் கொடுத்திருந்தது. அப்படியும் பந்தலுக்கு நாற்பது அடி முன்னாலேயே துணி முடிந்துபோயிற்று.

பெண் கடைசிப் போர்வையின் விளிம்பில் நின்றுவிட்டாள். எதிரே வெறும் மண். தூக்கிய வலது காலை வைக்கவும் முடியாமல், பின்னால் போகவும் முடியாமல் தவித்தாள். மேளம் ஒவ்வொன்றாய் ஓய்ந்தது. மேஸ்திரி தன் மேல்துண்டை எடுத்து அவள் முன்னால் போட்டார். அது இரண்டடிகூட வரவில்லை. அந்த உயரமான மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மூன்று வேட்டியைக் கையில் கொடுத்தபோதே வழியைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான்தான்.

அப்போதுதான் புங்கமரத்தடியிலிருந்து ஒரு கத்தல் வந்தது.

"இன்னாடா விரிச்சு வெச்சிக்கிறீங்க! துணி விரிக்கிற லச்சணமாடா இது? எட்ரா கல்ல!"

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். வருகிற வழியிலேயே எங்கள் மூன்று வேட்டியையும் உருவித் தோளில் போட்டுக்கொண்டார். முதல் வேட்டியைப் பெண்ணின் காலடியில் ஓர் உதறு உதறினார். சுருக்கமே இல்லாமல் மண்ணில் படிந்தது. "நடம்மா" என்றார். அடுத்தது, அதற்கடுத்தது. அவள் கடந்ததை என் கணவர் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. கழுதை கிடைத்துவிட்டது போலிருக்கிறது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. லைன் முழுக்கக் கைதட்டியது. பந்தல் வந்த பிறகும் மாமனாருக்கு நிறுத்த மனசு வரவில்லை, மணவறையை ஒரு சுற்றுச் சுற்றித்தான் நிறுத்தினார்.

சாப்பாட்டுக்கு உட்காராமல் கிளம்பியவர் கையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார்.

"மூணே மூணு குடுத்தீங்களேன்னு மனசு கசந்துபோச்சுணா. நம்மள எளக்காரமா நெனச்சிட்டாருன்னு நெனச்சேன். மூணுதானா மொத்தமே?"

"மூணுதான். நீ பாத்ததே இல்லியா? உங்க ஊர்ல எத்தினி கல்யாணம் நடந்திருக்கும்!"

"பாத்திருக்கேன். ஏரிக்கரமேல நின்னு பாப்போம். கிட்டக்க வரக்கூடாதில்ல. அங்கேர்ந்து பாத்தா ஒரே துணி மாதிரிதான் தெரியும்."

மேஸ்திரி இதைக் குறையாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்கு வழி சொல்வதுபோல்தான் சொன்னார். மாமனார் பந்தியில் போய் உட்கார்ந்து இலையைப் போடச் சொன்னார். நாங்களும் உட்கார்ந்தோம். கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு தூக்கல் என்று மாமியார் குறை சொல்லிக்கொண்டே மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

விஷயம் அன்றைக்கே பாலகாட்டுக்குப் போய்விட்டது. நல்ல வேளையாக, மாப்பிள்ளைக்கு என் நாத்தனாரை ரொம்பவே பிடித்திருந்ததால் சம்பந்தம் முறியவில்லை. ஆனால் மாமனார் பயந்தபடியே பங்காளிகள் வராமல் நின்றுகொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டுக் கல்யாணத்தன்று, பெண்ணும் மாப்பிள்ளையும் கோயில் வாசலில் தயாராக நின்றார்கள். என் கணவர் பெண்ணுக்கு அண்ணன், மச்சான் முறைக்கு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும். மாமனார் வேட்டியோடு முன்னால் நின்றார். பின்னால் துணி எடுக்க ஆள் இல்லை.

மேஸ்திரியும் அவர் லைன் ஆட்களும் வந்திருந்தார்கள். பழக்கதோஷம், கூட்டத்துக்கு அப்பால் எட்டத்திலேயே நின்றார்கள். மாமனார் கழுத்தை நீட்டி அவர்களைத் தேடினார்.

"யோவ் மேஸ்திரி! இன்னா அங்க நின்னு பாத்துனுகீற? கிட்ட வா. பின்னாடி துணிய எடு!"

மேஸ்திரி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முதல் வேட்டியைக் கோணலாகச் சுருட்டினார், இரண்டாவதில் சரியாகிவிட்டது. வழி நெடுக மாமனார் "சுருக்கம், சுருக்கம்" என்று அவரைத் திட்டிக்கொண்டே போனார். என் நாத்தனாரின் கால் ஒரு இடத்திலும் மண்ணில் படவில்லை. அன்றும் மூன்று வேட்டிதான்.