அப்பா கொடுத்த நிலமும் கொடுக்காத வழியும்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பல விதமாக அறிவீர்கள். கள்ளக்குறிச்சியில் அவர் போட்ட மனைகளில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் உங்களில் பலர். மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்கு நிலம் கொடுத்த வள்ளலாக அவரை அறிந்தவர்கள் மற்றவர்கள். “அந்தக் கொடையைப் பற்றி நீ எழுது” என்று அண்ணன் இந்தக் கட்டுரையை என்னிடம் ஒப்படைத்தார். “பழசு எதையும் கிளறாதே” என்றும் சொன்னார். முதலாவதைச் செய்தால் இரண்டாவதைக் கேட்க முடியாது. அந்த நிலம் ஏன் கொடுக்கப்பட்டது என்று சொல்லாமல் கொடுத்ததை மட்டும் எழுதினால், அப்பாவைப் பாதியாக எழுதியதாகும்.

அப்பா எலவனாசூர்கோட்டையில் பிறந்தவர். தாத்தாவுக்குச் சொந்த நிலம் கிடையாது, குத்தகைக்கு உழுதார். அந்தக் குத்தகை கை மாறிய ஆண்டில் அப்பாவின் படிப்பு நின்றது. கள்ளக்குறிச்சியில் ஒரு மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். புளியும் கடுக்காயும் ஏற்றி வர லாரியில் கல்வராயன் மலைக்குப் போவார். அப்படித்தான் மண்டிக்குப் புளி போட்ட வெள்ளிமலைப் பக்கத்துச் சின்னையன் அவருக்குப் பழக்கமானார். மண்டியில் எடைக்கல்லில் கை வைக்காத ஆள் அப்பா ஒருவர்தான் என்று சின்னையன் மலையெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பிறகு அப்பா நிலத் தரகுக்கு வந்தார். ஒரு நிலத்தில் கால் வைத்ததும் மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், ஊர் எந்தப் பக்கம் வளரும் என்று சொல்லிவிடுவார். அம்மாவைத் திருமணம் செய்துகொண்டதும் அந்த நாட்களில்தான். அம்மாவுக்குப் பெற்றோர் இல்லை. ஒரே அண்ணன் வளர்த்து, கட்டிக் கொடுத்தார். எங்களுக்குத் தாய்மாமன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மாமா என்று எழுதுவதும் உறவுமுறை அப்படி இருப்பதால்தான்.

கள்ளக்குறிச்சியின் ஓரத்தில் ஒரு மானாவாரி நிலம் விலைக்கு வந்தது. மனை போடலாம் என்று கண்டவர் அப்பா. அதுவரை சேர்த்ததையும் அம்மாவின் நகையையும் போட்டு வாங்கினார். ஆனால் பத்திரத்தை மாமாவின் பெயரில் பதிந்தார். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, “பொண்ணு குடுத்த மனுசன். அவுரு பேர்ல இருந்தா இன்னா, எம் பேர்ல இருந்தா இன்னா?” என்றாராம்.

அந்த நிலத்தில் ஒரே ஒரு குறை. அதற்கும் சாலைக்கும் நடுவில் வேறொருவரின் நிலம் ஒரு துண்டு குறுக்கே கிடந்தது. அதன் வழியாகப் பாதை கிடைத்தால்தான் மனைகள் விலை போகும். அதன் சொந்தக்காரர் திருக்கோவிலூரில் குடியிருந்தார். அவரிடம் பேச அப்பாவும் மாமாவும் ஒன்றாகப் போனார்கள்.

எங்கள் சாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த காலம் அது. கோரிக்கை நியாயம் என்பது அப்பாவின் எண்ணம். படிப்பு பாதியில் நின்றவர் வேறெப்படி நினைப்பார்? ஆனால் போராட்டத்துக்கு அவர் போனதில்லை. அவர்கள் திருக்கோவிலூரில் பேசிக்கொண்டிருந்தபோதே பஸ் எல்லாம் நின்றுவிட்டது. சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். எலவனாசூர்கோட்டை வரைக்கும் இருவரும் மரங்களை ஏறித் தாண்டியே நடந்து வந்தார்கள். வழியில் மாமாவின் செருப்பு அறுந்தது. அப்பா தன் செருப்பைக் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வந்து சேர்ந்தார். காலில் தைத்த முள்ளை எடுத்துவிட்டவர் அம்மா.

அடுத்து வந்த நாட்களில் மரம் வெட்டியவர்களைப் போலீஸ் தேடியது. முன்னால் நின்று வெட்டியவர் அப்பா என்று அவர்களிடம் சொன்னவர் மாமா. அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு அவரோடு நடந்து வந்த அதே மாமா.

யார் சொன்னார்கள் என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா மலைக்குப் போய்ச் சின்னையன் வீட்டில் ஒளிந்துகொண்டார். இருந்த சாமையைப் பகிர்ந்து போட்டுச் சின்னையன் குடும்பம் அவரைக் காப்பாற்றியது. அம்மா அப்போது நிறைமாதம். கையில் அண்ணன், சின்னப் பிள்ளை. பிரசவத்துக்கு வேறு போக்கிடம் இல்லாமல் கள்ளக்குறிச்சியில் மாமா வீட்டுக்குப் போனார். அங்கேதான் நான் பிறந்தேன்.

மாமா உடனே புளி லாரிக்காரரிடம் மலைக்குச் சேதி சொல்லி அனுப்பினார்: “பொண்ணு பொறந்துருக்குது, வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போவச் சொல்லு.” அதே வாயால் போலீசுக்கும் சொன்னார்.

அப்பா விடியும் வேளையில் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு என்னைத் தூக்க உள்ளே வரத் திரும்பும்போது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். “உன் மச்சான் சொன்னது கரெக்டா போச்சுய்யா. புள்ளையப் பாக்க வருவேன்னு சொன்னாரு” என்று போலீஸ்காரர் ஒருவர் சிரித்தார். உள்ளே படுத்திருந்த அம்மாவின் காதில் அது விழுந்தது. பிறந்த சிசுவான என்னைத் தூண்டிலில் புழுவாகக் கோத்திருக்கிறார் மாமா. நான் இதை மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் உறவினர்கள் இந்த இடத்தில் மலரை மூடி வைத்துவிடலாம்.

அன்றே அம்மா என்னைத் துணியில் சுற்றிக்கொண்டு, அண்ணனை நடத்திக்கொண்டு எலவனாசூர்கோட்டைக்குத் திரும்பினார். அதன் பிறகு அந்த வீட்டுப் படியை அவர் மிதிக்கவில்லை.

விசாரணையில் வாங்கிய அடியில் அப்பாவுக்கு இடது காது போனது. சிறையில் கிடந்தார். பின்னாளில் போராட்ட வழக்குகள் திரும்பப் பெறப்பட்டபோது அவரும் வெளியே வந்தார். வந்ததும் நேரே நிலத்துக்குப் போனார். முள்வேலி போட்டு, மாமாவின் பெயரில் நகர் என்று பலகை நட்டிருந்தது. மாமா வேலிக்கு உள்ளேயே நின்றுகொண்டு பேசினார்.

“பத்திரத்துல எம் பேரு தான கீது? நீ கேஸுக்காரன். ஜாஸ்தி பேசினா மறுபடியும் உள்ள போவ வேண்டியதுதான்.”

அப்பா அங்கிருந்து திருக்கோவிலூருக்கு பஸ் ஏறினார். சாலையோரத் துண்டு நிலத்தின் சொந்தக்காரரைப் பார்த்து, “நீங்க எப்ப வித்தாலும் எனக்குத்தான் விக்கணும். அது வரைக்கும் யாருக்கும் வழி வுடாதீங்க” என்று கேட்டுக்கொண்டார். மரம் வெட்டாத ஆளைச் சிறையில் வைத்த கதை அவருக்கும் தெரியும். அன்று அப்பா தன் வீட்டில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர். சரி என்றார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார்.

அதன் பிறகு அப்பா உழைத்த உழைப்பை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறீர்கள். மறுபடியும் தரகு. பிறகு சின்னதாக ஒரு மனைப்பிரிவு, பிறகு பெரியதாக ஒன்று. அவர் போட்ட மனைகளில் தெருவை எப்போதும் தேவைக்கு மேல் அகலமாக விடுவார். “வழி இல்லாத எடம் பொணத்துக்குக் கூட ஆவாது” என்பார். வாங்க வருபவர்களிடம் சாதி கேட்டதில்லை. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கும் தவணையில் மனை கொடுத்தார். தவணை தவறியவர்களில் எவரையும் வெளியேற்றியதில்லை.

என் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி வேண்டுமே என்று சொந்தக்காரர்கள் பஞ்சாயத்துப் பேச வந்தார்கள். அப்பா மலைக்கு ஆள் அனுப்பிச் சின்னையனை வரவழைத்தார். “மலைக்காரன் மடியிலயா பொண்ண ஒக்கார வைக்கறது?” என்று கேட்டவர்களுக்கு, “அவுரு வூட்டுச் சாமையத் தின்னுட்டுத்தான் நான் உசுரோட கீறேன். புடிக்காதவங்க சாப்ட்டு கெளம்புங்க” என்றார். அன்றிலிருந்து எனக்கு மாமா என்றால் சின்னையன் மாமாதான்.

துண்டு நிலம் கடைசியில் அப்பாவின் கைக்கு வந்தது. அதற்குள் மாமாவின் மனைகளை வாங்க வந்தவர்கள் எல்லாரும் பாதை இல்லை என்று திரும்பிப் போயிருந்தார்கள். துண்டு நிலம் யாரிடம் போனது என்று தெரிந்ததும் மாமா பழத்தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மாமா ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். அவர் முடித்ததும் அப்பா சொன்னார்: “மச்சான், நீங்க எடப் பக்கம் ஒக்காந்து பேசறீங்க. அந்தக் காது கேக்காது. போலீஸ்ல போயிடுச்சி. இப்டி வந்து சொல்லுங்க.”

மாமா எழுந்து வந்து வலப் பக்கம் உட்கார்ந்து, முதலிலிருந்து மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். “ஒரு வண்டி போற அளவுக்கு வழி வுட்டா போதும்” என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு இன்றும் எனக்கு இனிக்கிறது.

“யோசிச்சி சொல்றேன்” என்று அனுப்பினார் அப்பா.

சில வாரங்களில் அந்த நிலத்தை மலைப் பிள்ளைகளின் விடுதிக்கு என்று தானமாக எழுதிக் கொடுத்தார். எங்கள் பிள்ளைகள் நினைத்தாலும் விற்க முடியாதபடி எழுதினார். கட்டடமும் அவரே கட்டினார். பின்பக்கம், மாமாவின் நிலத்தைப் பார்த்து உயரமான மதில். அதில் ஓர் ஆள் நுழையும் திட்டி வாசல் கூட இல்லை. மலையிலிருந்து முதலில் வந்து சேர்ந்தவள் சின்னையன் மாமாவின் மகள். இன்று அவள் வெள்ளிமலையில் செவிலியர். அவளைப் போல எத்தனையோ பிள்ளைகள். மாமாவின் நிலத்தில் இன்றும் சீமைக் கருவேலம்தான். அதைப் பிரித்துக்கொள்ளத் தெரியாமல் அவருடைய பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை.

அப்பாவை வள்ளல் என்று மேடையில் பேசியவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரே நிலத்தில் நன்றிக்கடனும் தீர்த்தார், பழியும் தீர்த்தார். இப்படித்தான் நான் அவருடைய கருமாதி வரை நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் மருத்துவமனையில் படுத்திருந்த அப்பாவிடம் சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். மதிலில் ஒரு பக்கம் இடித்து வழி விட விடுதிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்கள். அப்பா, “அது எங்கையில இல்லப்பா” என்றார். கடவுளைச் சொல்கிறார் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

கருமாதியன்று தங்கைக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை கொண்டு வரும் உரிமையில் மாமா வந்தார். தள்ளாத வயது. கையில் சேலைத் தட்டு. பந்தலில் இருந்த அத்தனை பேரும் அம்மாவையே பார்த்தோம்.

“பொறந்த வூட்டுக் கோடிம்மா. வேணாம்னு சொல்லாத. போனவரு போய்ட்டாரு. அவுரு வைராக்கியமும் அவரோட போவட்டும்” என்றார் மாமா.

அம்மா தலை நிமிர்ந்தார். “யாரு வைராக்கியம்ணா?”

அம்மாவே தொடர்ந்தார்.

“நீ பழத்தட்டோட வந்துட்டுப் போனியே, அன்னிக்கி அவுரு எங்கிட்ட வந்து ஒக்காந்தாரு. ‘உங்க அண்ணன் கும்புட்டது மனச இன்னாவோ பண்ணுது. வழி வுட்டுடலாமா’ன்னு கேட்டாரு. நாந்தான் வேணாம்னேன். ஒரு அடி வுட்டாலும் புள்ளைங்கள இட்டுக்கினு பூடுவேன்னு சொன்னேன். புள்ளைங்க படிக்க குடுத்துடுங்க, எவனும் திருப்பிக் கேக்க முடியாதுன்னு சொன்னதும் நாந்தான். என்ன வளத்த கையி உன் கையி. அந்தக் கையாலயே, எம் புள்ள பொறந்ததும் வாசல்ல போலீச நிறுத்துன. ஆளு தெரியாம இத்தினி வருசம் அவரத் திட்டிக்கினு இருந்த. இனிமே என்ன வையி.”

அம்மா மாமாவுக்கு அப்பால் பார்த்து, “சின்னையண்ணா, நீங்க எடுத்தாந்தத குடுங்க” என்றார். சின்னையன் மாமா மஞ்சள் பையிலிருந்து நூல் சேலையை எடுத்து நீட்டினார். அம்மா அதைக் கட்டிக்கொண்டார். மாமாவின் தட்டு பந்தல் காலருகில் கிடந்தது. யார் எடுத்துப் போனார்கள் என்று தெரியவில்லை.

இரக்கப்பட்டவர் அப்பா. இறுகி நின்றவர் அம்மா. அம்மா பெயர் வெளியே வராதபடி, பழிகாரன் என்ற பேச்சை அப்பா ஆயுள் முழுக்கத் தானே சுமந்திருக்கிறார். மருத்துவமனையில் அவர் சொன்னதும் அம்மாவைத்தான். யாரைப் பற்றிய கட்டுரை என்று தெரியாமலே இதை எழுதத் தொடங்கியிருக்கிறேன் போலும்.

அப்பாவின் இறுதி நாட்களில் இரவும் பகலும் உடனிருந்த உறவினர்களுக்கும், சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், மலையிலிருந்து ஜீப்புகளில் இறங்கி வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், அன்று பள்ளிக்குப் போகாமல் சாலையோரம் வரிசையாக நின்ற விடுதிப் பிள்ளைகளுக்கும், சின்னையன் மாமா குடும்பத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அம்மாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஒரு வரியையும் எடுக்கச் சொல்லவில்லை. “மொத புஸ்தகத்த எங்க அண்ணன் வூட்டுக்கு அனுப்பு” என்றார். “அவுருக்குக் கண்ணு சரியாத் தெரியாது. யாராவது சத்தமா படிச்சி காட்டணும்னு சொல்லி அனுப்பு.”