கப்பலுக்குள் எரிந்த நீலச்சுடர்

2009 கோடையில், வெம்பிளியிலிருந்து ஒல்லாந்திலுள்ள அக்காவைப் பார்க்கப் புறப்பட்டோம். காய்ச்சலில் இளைத்திருந்த அவர் ஆசையாகக் கேட்ட நண்டுக் கூழை உறையவைத்து, கட்டிலும் அடுப்பும் உள்ள வாடகை வான் வண்டியின் பிரீசரில் அடுக்கியிருந்தேன். அந்தப் பிரீசர் காஸில் ஓடுவது; அதன் பின்புறம் ஒரு சிறு சுடர் எரிந்துகொண்டேயிருக்கும். கப்பலில் ஏறுமுன் காஸை மூடிவிட வேண்டும்.

கப்பலின் மேல்தளத்தில் கடலும் ஆகாயமும் ஒரே வெளிறிய நிறமாகக் கலந்து கிடந்தன. நான் பாதித் தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன்.

"கூழ் உருகாதப்பா. நான் காஸை மூடேல்லை," என்றார் கணவர்.

"என்னப்பா சொல்லுறியள்?"

வாகனங்கள் நெருக்கியடித்து நிற்கும் கீழ்த்தளத்தில், பெற்றோல் மணத்துக்கு நடுவே, ஒரு சின்ன நீலச்சுடர் தனியே எரிவது கண்ணுக்குள் தெரிந்தது. ஓடிப்போய்க் கப்பல் ஊழியரிடம் சொன்னேன். அவர் எங்களைக் கீழே கூட்டிச்சென்று, கணவர் காஸை மூடும்வரை பக்கத்தில் நின்று பார்த்தார். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

கரைசேர இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. கூழ் போய்விட்டதென்றே நினைத்தேன். மாலையில் வீடு சேர்ந்ததும் அக்கா பிரீசரைத் திறந்து தட்டிப் பார்த்தார்.

"கல்லு மாதிரிக் கிடக்குதடி."

நிறைந்த பிரீசர் மூடியே கிடந்தால் பல மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும் என்று அன்று தெரிந்தது. இப்போதெல்லாம் பயணத்துக்கு முதல் நாளே பிரீசரை இடைவெளியில்லாமல் நிரப்பி உறையவைக்கிறேன். வழியில் கதவைத் திறப்பதில்லை. காஸை நானே மூடுகிறேன். அப்படியும் நடுக்கடலில் அந்தச் சுடர் கண்ணுக்குள் ஒருமுறை எரிந்துதான் அணைகிறது.