பானையில் கிடந்த எட்டணா

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். உள்ளே வலியில் கிடந்த பெண். அவளுடைய மாமியார். பிள்ளை எடுக்க வந்த மருத்துவச்சி. அவள் எடுப்பதைப் பார்த்து எழுத வந்த நர்சம்மா. நர்சம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு போன நான். வெளியே வேப்பமரத்தடியில், தேவைப்பட்டால் டவுனுக்குக் கொண்டுபோக வண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் புருஷன். பிறக்க இருந்த பிள்ளையைச் சேர்த்தால் ஏழு. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

எண்ணுவது எனக்குப் பழக்கம். பஸ்ஸில் ஏறும்போது பையில் இருப்பதை எண்ணுவேன். இறங்கும்போது மறுபடி எண்ணுவேன். எதுவும் தொலைந்ததில்லை. ஆனாலும் தொலைந்திருக்கும் என்றுதான் நினைப்பேன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பருத்தி எடுக்கப் போனவள் நான். எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் திருச்சுழிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் ஆயா வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம். என் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் மில்லு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார்கள். போனால் அங்கே வைவார்கள், கூட வந்தவர்களை வெளியே நிறுத்திவிடுவார்கள். அதனால் பிள்ளை எடுக்கிறவளுக்கே சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார்கள். எட்டு ஊர்களிலிருந்து எட்டுப் பேர். அவர்களைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் வேலை.

எட்டுப் பேரில் ஒருத்தி எங்கள் ஊர் மருத்துவச்சி. முடிவெட்டும் குடும்பத்துப் பெண். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்தவர்கள்தான். அந்தப் பாதிப் பேரும் அவளை வா போ என்றுதான் பேசுவார்கள். பிரசவ வீட்டுக்குக்கூடக் கொல்லை வழியாகத்தான் வருவாள். நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அக்கா என்றேன். முதல் தடவை கூப்பிட்டபோது அவள் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

முதல் நாள் வகுப்பில் நர்சம்மா எல்லோரையும் கை நீட்டச் சொன்னார். நகம் வெட்ட வேண்டும் என்றார். எங்கள் மருத்துவச்சி சிரித்தாள்.

"ஊருக்கே நகம் வெட்டுன குடும்பம்மா நாங்க. எங்க நகத்த வெட்டத்தான் ஆளில்லாம இருந்துச்சு."

நர்சம்மாவும் சிரித்தார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்லவர். ஆனால் எங்கள் ஊர் வழக்கம் எதுவும் அவருக்குத் தெரியாது.

பயிற்சிக்கு வந்து, நர்சம்மாவின் முன்னால் மூன்று பிரசவம் சரியாகப் பார்த்தால் ஒரு தகரப் பெட்டி கிடைக்கும். கத்தரி, நூல், சோப்பு, பிரஷ், எனாமல் கிண்ணம். அதோடு ஒரு அட்டை. அந்த அட்டையைக் காட்டினால் டவுன் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சியையும் பிரசவ அறைக்குள் விடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் மருத்துவச்சி கத்தரியைப் பற்றிக் கேட்கவில்லை. அட்டையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். முந்தின வருஷம் குறுக்கே கிடந்த பிள்ளையோடு ஒரு பெண்ணை வண்டியில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். கேட்டில் "நீ யாரு?" என்று கேட்டு நிறுத்திவிட்டார்கள். உள்ளே அந்தப் பெண் இவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது வெளியே கேட்டிருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் கேட்டது, பிறகு கேட்கவில்லை என்றாள். 

பத்தாம் நாளோ என்னவோ, நர்சம்மா தொப்புள்கொடி அறுப்பதைப் பற்றிச் சொன்னார். அரிவாள் கூடாது, ஓட்டுச்சில்லு கூடாது, சாணிச் சாம்பல் வைக்கக் கூடாது. புது பிளேடையும் நூலையும் கொதிக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதிலிருக்கிற விஷம் கொடி வழியாக உள்ளே போய், ஏழாம் நாள் எட்டாம் நாள் பிள்ளைக்கு வாய் இறுகி இழுப்பு வரும் என்றார். காற்றுக் கருப்பு இல்லை, அழுக்குதான் என்றார்.

எங்கள் மருத்துவச்சி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது டம்ளர் இருந்தது. மருத்துவச்சிகள் எட்டு, நர்சம்மா ஒன்று. சரியாக இருந்தது.

அறுபத்தி ஏழோ எட்டோ, எனக்கு ஒரு பையன் பிறந்தான். ஏழாம் நாள் வாய் இறுகிவிட்டது. பால் இறங்கவில்லை. எட்டாம் நாள் அவன் இல்லை. அவனை எடுத்தது அவள்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாகப் பின்னால்தான் உட்காருவாள். பையனைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது காசைப் பற்றி.

எங்கள் பக்கம் கொடியைக் காசின் மேல் வைத்துத்தான் அறுப்பார்கள். அந்தக் காசு மருத்துவச்சிக்கு. தானியமும் பழைய சேலையும் பிறகு கொடுப்பார்கள், கொடுக்காமலும் இருப்பார்கள். காசு மட்டும் அப்போதே. காசில்லாமல் அறுத்தால் பிள்ளை மருத்துவச்சிக்குக் கடன்பட்டதாகிவிடும், கடன்பட்ட பிள்ளை தங்காது என்பார்கள்.

"தாயி, அருவா கூடாதுன்னாக. சில்லு கூடாதுன்னாக. காசப் பத்தி ஒண்ணும் சொல்லலயே?"

"கேட்டிருக்கலாம்ல அக்கா?"

"நான் கேட்டா, இம்புட்டு நாளும் காச வச்சா அறுத்தன்னு கேப்பாக. நீ கேளேன்."

நான் கேட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்கு நான் என்ன சொல்வது? அதனால், "கொதிக்க வச்சுக்கங்க. எல்லாத்தையுந்தான கொதிக்க வைக்கச் சொல்றாக" என்றேன்.

"அதுஞ் சரிதான்" என்றாள்.



முதல் இரண்டு பிரசவம் சுகாதார நிலையத்திலேயே நடந்தது. அங்கே யாரும் காசு கொண்டுவரவில்லை. மூன்றாவதுதான் அந்த வீடு. சித்திரை மாதம், மத்தியானம். ஊருணியில் சேறுதான் இருந்தது. ஒரு மைல் நடந்து கொண்டுவந்த தண்ணீர் இரண்டு குடம். காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை எரித்து மருத்துவச்சி தண்ணீர் கொதிக்க வைத்தாள். மாமியார்க்காரி பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடிக்கத் தண்ணியில்ல. இவ பிளேடுக்குக் கஞ்சி காச்சுறா."

"பிளேடுக்கு மட்டுமில்ல, நூலுக்குஞ் சேத்துத்தான். நீங்க பெத்தப்ப ஒங்களுக்குக் காச்சல, ஒங்க மருமகளுக்காவது காச்சுறேன்" என்றாள் மருத்துவச்சி.

வலியில் கிடந்த பெண்ணுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. எல்லாம் சரியாகப் போனது. கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அவசரப்படவில்லை. அந்தப் பெண்ணின் முதுகை அழுத்திக்கொண்டு, காதோரம் ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். நர்சம்மா நோட்டில் டிக் போட்டுக்கொண்டே வந்தார். நான் அந்த டிக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண் பிள்ளை. உடனே அழுதான். எங்கள் பக்கம் நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கொடி அறுப்பார்கள். நஞ்சும் விழுந்தது.

பிளேடை எடுக்க நர்சம்மா பானையைச் சாய்த்தார். அடியில் ஒரு எட்டணாக் காசு கிடந்தது.

"இது என்னது?"

மருத்துவச்சி பதில் சொல்வதற்குள் மாமியார், "நான் குடுத்த காசும்மா. கொடிக்கு வைக்க" என்றாள்.

"பல பேர் கைபட்ட காசு. இதை பிளேடோடு போட்டியா? இத்தனை நாள் என்ன படிச்சே?"

"பிள்ள மேல படுறதெல்லாம் கொதிக்கணும்னீகளேம்மா."

"காசைக் கொதிக்க வைக்கச் சொன்னேனா? யார் சொன்னது உனக்கு?"

மருத்துவச்சி என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். 

"யாருஞ் சொல்லல. நானாத்தான் போட்டேன்" என்றாள்.

நர்சம்மா நோட்டில் ஏதோ எழுதினார். டிக் இல்லை, வரி. பிறகு தன் பையிலிருந்து வேறு பிளேடும் நூலும் எடுத்துக் கொடுத்து, காசில்லாமல் அறுக்கச் சொன்னார். மாமியார் பிள்ளைக்குக் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"காசில்லாம கொடியில பிளேடு படக் கூடாது. எம் பேரன் கடங்காரனாவா இருப்பான்? தங்குவானா அவன்?"

நர்சம்மா சத்தம் போட்டார். மாமியார் அசையவில்லை. புருஷன் வாசலில் வந்து, "என்னம்மா, வண்டி பூட்டவா?" என்றான்.  பிள்ளை துணியில் கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

மருத்துவச்சி மாமியாரின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுத்தமாகக் கழுவிய கை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"காசு யாருக்கு? எனக்குத்தான? கடன் குடுத்தவ நான். வாங்காம விடுவேனா? பதினாறாம் நாளு காலையில ஒங்க வாசல்ல வந்து நிப்பேன். எங் காச வாங்குற வரைக்கும் ஒங்க பேரன் எங்கயும் போக முடியாது. இருந்துதான் ஆகணும்."

மாமியார் அவளையே பார்த்தாள்.

"பதினாறாம் நாளு நீ வரலன்னா?"

"வரலன்னா வட்டியோட வாங்கிக்கிறேன். மொதல்ல தள்ளி ஒக்காருங்க. பேரன் மூஞ்சிய மறைக்கிறீக."

மாமியார் நகர்ந்தாள். கொடி அறுத்தாயிற்று.

என் பையனுக்கு நாங்கள் காசை அப்போதே கொடுத்துவிட்டோம். கடன் எதுவும் இல்லாமல்தான் போனான். அந்த இடத்தில் நின்றுகொண்டு எனக்கு அதுதான் தோன்றியது. அழுகை வரவில்லை. தாகமாக இருந்தது. அந்த வீட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

பஸ் நிற்கிற இடம் முக்கால் மைல். மருத்துவச்சி அங்கேயே இருந்துவிட்டாள். நானும் நர்சம்மாவும் கரிசல் காட்டுக்குள் நடந்தோம். அவளுக்குப் பெட்டி கிடையாது, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும் என்றார் நர்சம்மா. இனிமேல் அடுத்த வருஷம்தான் பயிற்சி. அது வருமா என்பதே தெரியாது. நான் பையில் கையை விட்டு எண்ணினேன். பிளேடு ஒன்று குறைந்தது. அவர் கொடுத்ததுதான் என்று தெரிந்தும் மறுபடி எண்ணினேன். பஸ் வந்துவிட்டால் சொல்ல முடியாது என்று பயமாக இருந்தது. தூரத்தில் புழுதி தெரிந்த பிறகுதான் சொன்னேன்.

"காசக் கொதிக்க வைக்கச் சொன்னது நான்."

நர்சம்மா நின்றார். "ஏன்?"

"இந்தப் பக்கம் எல்லாரும் காசு வச்சுத்தான் அறுப்பாங்க. நீங்க அதப் பத்திச் சொல்லல. அவுக கேக்கச் சொன்னாக. நான் கேக்கல."

"உனக்குத் தெரிஞ்சும் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எனக்கு ஒரு பிள்ள இருந்துச்சு" என்றேன். "எட்டு நாளு."

பஸ் வந்துவிட்டது. ஏறினோம். அவர் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் காடு. பிறகு நோட்டை எடுத்து அந்த வரியை அடித்தார். பஸ் ஆட்டத்தில் கோடு கோணலாக விழுந்தது. டிக் போட்டார்.

மறுநாள் வகுப்பில் அவர் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்கள் ஊரில் பிள்ளை பிறந்தால் என்னென்ன செய்வீர்கள், ஒவ்வொருத்தராகச் சொல்லுங்கள் என்றார். முதலில் யாரும் பேசவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. நர்சம்மா எழுதிக்கொண்டே இருந்தார். காசைப் பதினாறாம் நாள்தான் வாங்க வேண்டும் என்று எட்டுப் பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். எங்கள் மருத்துவச்சி சொன்னதைச் சொல்லியே எல்லா மாமியார்களையும் நகர வைத்தார்கள். பதினாறாம் நாள் வாங்குகிறவள், இடையில் நான்கு தடவையாவது பிள்ளையை வந்து பார்த்துவிட்டுப் போவாள். தன் காசாயிற்றே.

அவளுக்குப் பெட்டி வந்தது. ஐப்பசி மழையில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் போனேன். கேட்டில் அட்டையைக் காட்டினாள். வாட்ச்மேன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டான். ராத்திரி முழுக்க அவள் வெளியே வரவில்லை. காலையில் வந்து, டீ வாங்கித் தரச் சொன்னாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அவள் அதைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "பெஞ்சில ஒக்காரச் சொன்னாக தாயி" என்றாள்.

அந்த வருஷம் தை மாதம் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். கொல்லை வழியாக வரவில்லை, வாசல் வழியாக வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு எட்டணாவை எடுத்து நீட்டினாள்.

"இது ஒங் காசு தாயி."

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி நின்றேன்.

"பதினாறு நாளு இருக்கல அவன். வாங்குனது தப்பு. அப்பத் தெரியாது."

"வேணாங்க்கா."

"பிடி."

"இருக்கட்டும். கடன் நிக்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவள் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். பிறகு காசை முந்தானையில் திரும்ப முடிந்துகொண்டாள். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். எங்கள் வீட்டுச் செம்பில்தான் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகும் வருஷாவருஷம் தை மாதம் வந்து நீட்டுவாள். நான் நிக்கட்டும் என்பேன். அவள் இறந்துபோன பிறகு பெட்டி அவளுடைய மருமகளிடம் இருந்தது. மருமகள் ஒருநாள் என்னைப் பார்த்து, "அத்தை ஒங்களுக்கு ஏதோ குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. எவ்வளவுன்னு தெரியல" என்றாள்.

எட்டணா.