என் மகளைப் பற்றி மந்திரி சொன்ன பதில்

எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்துத்தான். அதற்கு வெகு காலம் முன்பே எங்கள் காலனியில் ஒரு குறையும் இல்லை என்கிற மாதிரி அரசாங்கக் காகிதத்தில் எழுதியாகிவிட்டது. அந்தக் காகிதம் என் கைக்கு வந்தது. வாசித்துச் சொன்னவள் என் மகள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் வேலூர்ப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளியில். மராத்தி எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும்.

பிழைக்க வந்த மராத்தி ஊரில், விஷ்ராந்த்வாடியில் ஆளந்தி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. வீட்டுக்காரருக்கு மிலிட்டரி ஒர்க்ஷாப்பில் வேலை. விடிவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தொண்ணூறுகளின் நடுவில் காலனி முனையில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டினார்கள். நீல வண்ணம் பூசினார்கள், பெயர் வெட்டிய கல் பதித்தார்கள், ரிப்பன் வெட்டி எல்லாருக்கும் பேடா கொடுத்தார்கள். தண்ணீர் மட்டும் ஏறவில்லை. மெயினிலிருந்து வரவேண்டிய பைப் ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதை இந்தப் பக்கம் கொண்டுவர யாருக்கும் நேரம் இல்லை. நாங்கள் அந்தத் தொட்டியின் நிழலில் நின்று டேங்கர் லாரிக்குக் காத்திருந்தோம்.

டேங்கர் விடியற்காலையிலும் வரும், வெயில் ஏறியும் வரும். வந்தால் ஒருத்தர் டியூபைப் பிடித்து நிரப்ப வேண்டும், இன்னொருத்தர் நிரம்பிய குடத்தை வீட்டில் கொட்டிவிட்டு ஓடிவர வேண்டும். தனியாளாக இருந்தால், குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்புவதற்குள் டியூப் வேறு கைக்குப் போய்விடும். ஆகவே நானும் என் மகளும் நின்றோம். அவள் பத்தாவது. அவள் பள்ளி காலை ஷிப்ட்.

ஜூனில் பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் மராத்தியில் நீளமாகச் சொன்னதை மகள் பக்கத்தில் நின்று சுருக்கிச் சொன்னாள்.

"இப்படியே லீவு போட்டா போர்டு பரீட்சை ஃபாரத்துல கையெழுத்துப் போடமாட்டாங்களாம்மா."

"தண்ணி கதையச் சொன்னியாடி?"

"சொன்னேன். எல்லார் வீட்லயும்தான் தண்ணி பிடிக்கிறாங்கன்றாங்க."

நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். இந்தியும் மராத்தியும் எனக்குக் காதில் ஏறும், வாயில் வராது. தமிழிலேயே நாலு பேர் நடுவில் பேச எனக்குக் கூச்சம்.

பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா அப்படி இல்லை. மார்க்கெட்டில் கீரை விற்பவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை வஹினி என்பார், அண்ணி என்கிற மாதிரி. ஒரு நாள் எங்கள் எம்.எல்.ஏ. ஜீப்பில் வந்தபோது இந்த அக்கா வெறுங்குடத்தை நடுரோட்டில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டார். ஜீப் நின்றது.

"ஓட்டுக் கேக்க வர்றப்ப எங்க வீட்லதான தண்ணி வாங்கிக் குடிச்சீங்க, தாதா? இப்ப நீங்க ஊத்துங்க."

தாதா என்றால் மராத்தியில் அண்ணன். எம்.எல்.ஏ. சிரித்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "சட்டசபையில மந்திரியையே கேக்கறேன். தொட்டிக்குச் செலவு பண்ணீங்களே, தண்ணி எங்கன்னு கேக்கறேன். அவர் எழுந்து நின்னு பதில் சொல்லியாகணும். சொன்ன பிறகு நான் விடமாட்டேன், மேல மேல கேப்பேன்." கூட இருந்த உதவியாளர் எழுதிக்கொண்டே கேட்டார்: "இதனால பள்ளிக்கூடம் போக முடியாத பொண்ணு யாராவது உண்டா?"

அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இதோ, இவ பொண்ணு. பத்தாவது." நான் தலையாட்டினேன். அப்படித்தான் என் மகள் மந்திரியிடம் கேட்கும் கேள்விக்குள் போனாள்.

எனக்கு அன்று வந்த நம்பிக்கையை இப்போது நினைத்தால் கோபம் வருகிறது. மந்திரி எழுந்து நிற்பார், பதில் சொல்லியாக வேண்டும், பைப் ரோட்டைத் தாண்டிவிடும், பரீட்சை ஃபாரத்தில் கையெழுத்து விழும். இப்படி வரிசையாக நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் மும்பையில் சபை கூடியது. எங்கள் கேள்வி வரும் நாளில் காலனிப் பெண்களை எம்.எல்.ஏ. பஸ் வைத்து அழைத்துப் போனார். அக்கா சொல்லி நாங்கள் ஆளுக்கொரு வெறுங்குடம் எடுத்துக்கொண்டோம். மந்திரி எங்களைப் பார்த்து ஏதாவது கேட்டால் சொல்வதற்கு மகள் எனக்கு ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தாள்: 'ஸாஹேப், தொட்டி இருக்கு, தண்ணி இல்லை' என்று மராத்தியில். மலைப்பாதை நெடுக அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தேன். அக்கா, "ஜபமா வஹினி?" என்றார்.

மும்பையில் மழை கொட்டியது. வாசலில் போலீஸ்காரர் எங்கள் குடங்களைப் பார்த்தார். "எதுக்கு இதெல்லாம்?"

"எங்களுக்குத் தண்ணி இல்லை."

"இங்க வச்சிட்டுப் போங்க. திரும்பி வர்றதுக்குள்ள நிரம்பிடும்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். குடங்களைச் சுவரோரம் மழையில் வைத்துவிட்டு, நனைந்த சேலையோடு மாடியில் பார்வையாளர் இடத்துக்குப் போனோம். அங்கே காவலுக்கு நின்றவர் பேசாதே, குனியாதே, கையைக் காட்டாதே என்று விரலாலேயே சொன்னார். பார்க்க வருகிறவர்கள் பார்க்க மட்டும்தான் என்பது எங்களில் ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை.

கீழே முதல் கேள்வி ஓடியது. யாரோ கேட்டார், ஒரு மந்திரி எழுந்து சொன்னார், இன்னொருவர் மடக்கினார். நன்றாகத்தான் இருந்தது, இப்படித்தான் நம்முடையதும் வரும் என்று நினைத்தேன். இரண்டாவது கேள்வியில் சண்டை. என்ன சண்டை என்று எனக்குப் புரியவில்லை. நாலைந்து பேர் நடுவில் வந்து கத்தினார்கள், பிறகு எல்லாருமே கத்தினார்கள். சபாநாயகர் மணி அடித்தார். சபையை ஒத்திவைத்தார்கள். திரும்பக் கூடியபோது கேள்வி கேட்கும் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் எம்.எல்.ஏ. கையில் காகிதத்தோடு எழுந்து ஏதோ சொல்லப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். எங்கள் கேள்வி பட்டியலில் கீழே எங்கேயோ கிடந்தது.

வெளியே வராந்தாவில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை.

"என்ன தாதா, நம்ம கேள்வி?"

"கேள்வி வரலை தாயி. ஆனா பதில் வந்தாச்சு." தாயி என்றால் மராத்தியில் மூத்த சகோதரி. அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார். "எல்லாக் கேள்விக்கும் முன்னாடியே பதில் அடிச்சு வச்சிடுவாங்க. படிச்சுப் பாருங்க."

"மேல மேல கேக்கறேன்னீங்களே?"

"வந்திருந்தா கேட்டிருப்பேன்."

அக்காவுக்கும் படிக்கத் தெரியாது. தாளை மடித்து என் இடுப்பில் செருகிவிட்டார், "உன் பொண்ணு படிப்பா" என்று.

வீட்டுக்கு வந்தபோது மகள் ஈரப் பாவாடையோடு சமையலறையில் இருந்தாள். நான் மும்பை போனதால் அன்றைக்கும் அவள்தான் டேங்கருக்கு நின்றிருந்தாள், பள்ளிக்குப் போகவில்லை. தாளை விளக்கடியில் வைத்து மராத்தியில் வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"தொட்டிக்கு ஒதுக்கின பணம் முழுசும் செலவாயிடுச்சா? 'இது உண்மை.'"

"மேல படி."

"தொட்டி கட்டியும் தண்ணி தரலையா? 'ஓரளவு உண்மை.'"

"ஓரளவுன்னா இன்னா?" என்றார் வீட்டுக்காரர். "பாதி சொட்டு வருதா?"

"இருங்கப்பா. டேங்கருக்கு நிக்கிறதால மாணவிகள் பள்ளிக்குப் போக முடியாம இருக்காங்களா?" அந்த இடத்துக்கு வந்ததும் அந்த வரியைத் திரும்ப முதலிலிருந்து வாசித்தாள். பிறகு சொன்னாள். "'இது உண்மையல்ல.'"

வீட்டுக்காரர் விளக்கைத் தாளுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். அவள் அடுத்த வரிக்குப் போனாள்.

"தாமதத்துக்குக் காரணம் என்னன்னு கேட்டதுக்கு, 'கேள்வியே எழவில்லை'ன்னு போட்டிருக்கு." தாளைக் கீழே வைத்தாள். "அப்ப இன்னிக்கு நான் ஸ்கூல்லயாம்மா இருந்தேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. ஒரு ஆள் எங்கள் தெருவுக்கு வந்து கேட்டானா? பள்ளிக்கூடத்தில் கேட்டார்களா? அந்த டீச்சரைக் கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பார். எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து, என் மகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை ஒரு மந்திரி சபையில் வைத்திருக்கிறார். பணம் செலவானதைப் பற்றி மட்டும் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

டேங்கருக்கு நிற்பதற்காக வீட்டுக்காரர் ஷிப்ட் மாற்றிக் கேட்டார், கொடுக்கவில்லை. ஆகஸ்டில் மகளை நிக்டியில் இருந்த என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். அது திட்டம் போட்டுக் கட்டிய ஊர், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். பள்ளியும் மாற்றினோம். கெஞ்சிக் கூத்தாடித்தான் இடம் கிடைத்தது. வீட்டில் இருவர்தான் என்றானபின் நான் ஒருத்தியே தூக்கி வந்த தண்ணீர் போதுமாக இருந்தது. மகள் ஞாயிறுகளில் வருவாள். தூக்குவாளியில் என் அக்கா கொடுத்த குழம்போடு, விருந்தாளி மாதிரி.

ஜனவரியில் சங்கராந்தி கழித்து எம்.எல்.ஏ.வின் மனைவி பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுக்க மண்டபத்துக்கு அழைத்தார். இங்கே அப்படி ஒரு வழக்கம், எள்ளுருண்டையும் ஒரு பரிசும் கொடுப்பார்கள். கீரைக்கார அக்காவோடு போனேன். எம்.எல்.ஏ. வாசலில் எல்லாரையும் வணங்கிக்கொண்டு நின்றார். நான் அவர் முன்னால் நின்றுவிட்டேன். பின்னால் வரிசை முட்டியது. எனக்குத் தெரிந்த உடைந்த மராத்தியில் கேட்டேன்.

"ஸாஹேப், என் பொண்ணு ஸ்கூலுக்குப் போகலைங்கிறது பொய்னு மந்திரிக்கு யார் சொன்னது?"

அவருக்கு முதலில் எதுவும் ஞாபகம் இல்லை. அக்கா எடுத்துச் சொன்னபிறகு, "ஓ, அதுவா" என்றார். "அது இலாகாவுல எழுதறது தாயி. இலாகா கார்ப்பரேஷனைக் கேக்கும். கார்ப்பரேஷன் இன்ஜினியரைக் கேக்கும். அவர் தொட்டி முடிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்தாச்சு. தொட்டி முடிஞ்சா டேங்கர் எதுக்கு? டேங்கர் இல்லைன்னா எந்தப் பொண்ணு அதுக்கு நிக்கப் போறா? அப்படித்தான்."

"நீங்க பார்த்தீங்களே. டேங்கரைப் பார்த்தீங்க, என்னையும் பார்த்தீங்க."

"பார்த்தேன் தாயி. அதான கேட்டேன். அடுத்த தடவை திரும்பக் கேக்கறேன்." பின்னால் நின்றவர்களைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என்ன தோன்றியதோ, என்னிடம் திரும்பினார். "பொண்ணு இப்ப என்ன பண்றா?"

"நிக்டியில எங்க அக்கா வீட்ல இருக்கா. அங்க படிக்கிறா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"பாருங்க, ஸ்கூலுக்குப் போறா இல்ல?"

வரிசை என்னை உள்ளே தள்ளியது. அவர் மனைவி நெற்றியில் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, பரிசை என் கையில் மாட்டினார். பச்சை பிளாஸ்டிக் பக்கெட். வேண்டாம் என்று வைத்துவிட்டு வரத்தான் நினைத்தேன். மறுநாள் டேங்கர் வரும் நாள். எடுத்துக்கொண்டு வந்தேன்.